மூக்கைக் கேட்டுப் பிரித்த பொட்டலங்கள்

கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கையில் ஈயத்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். வீட்டுப் பூனை என் காலை உரசி உரசிக் கத்திக்கொண்டிருந்தது. எதிரே பாலன் குடில். சுற்றிலும் மாமனார், மாமியார், மனைவி, மைத்துனன். நாலு பேரும் என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப் பார்ப்பதற்குத் தகுதியான மூக்கு அல்ல அது. கல்யாணத்துக்குப் படம் பிடித்தவரே, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்று சொல்லி அதை ஒளித்துவைக்கப் பார்த்தார். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுக் கூரையே என் மூக்கின் மேல்தான் நின்றது. மூக்கோ செத்துப் போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

"சொல்லுங்க மாப்ள, உள்ளுக்கு என்னா இருக்கு?" என்றார் மாமா.

சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் கொஞ்சம் உட்கார வேண்டும். இந்த வயதில் நின்றுகொண்டு எதையும் ஞாபகப்படுத்த முடிவதில்லை. நீங்களும் உட்காருங்கள். பொட்டலம் எங்கேயும் போய்விடாது.

துரைசாணி கொடுத்த டின்

சென்ற வாரம், ரோலர் யந்திரத்துக்கு என் வேட்டியைப் பலி கொடுத்துவிட்டுச் சாக்கோடு வீடு திரும்பிய கதையை எழுதியிருந்தேன். அதே தோட்டம்தான். இரத்தோட்டைக்கு மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறிப் போக வேண்டிய தோட்டம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் 'ஸ்டோர்' என்போம். அந்த ஸ்டோரின் டீமேக்கர் என் மாமனார். அவருக்குக் கீழே உதவி டீமேக்கர் நான். உதவி என்றால், அவர் செய்வதைப் பார்த்துத் தலையாட்டுவது.

மாமா வீட்டில் ஒரு வழக்கம். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ், பரிசுப் பொட்டலத்தை யாரும் கையால் பிரிக்கக்கூடாது. முதலில் மூக்கால் பிரிக்க வேண்டும்.

இதற்குக் காரணம் மாமாவின் அப்பா. அவர் காலத்துத் துரைசாணி, அதாவது வெள்ளைக்காரத் துரையின் மனைவி, ஒரு நத்தாருக்கு அவருக்கு அழகான டின் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், வீடே எழுந்து வெளியே ஓடிவிட்டது. உள்ளே இருந்தது சீஸ். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏதோ செத்துப்போனதை டின்னில் அடைத்துக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்து, செபம் சொல்லி, கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

மறுநாள் துரைசாணி கேட்டாளாம், "எப்படி இருந்தது?" என்று. கிழவர் கையைக் கட்டிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. பொதைச்சு வச்சிருக்கோம்" என்றார். பதமாக வைத்துச் சாப்பிட இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் போலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள். அடுத்த நத்தாருக்கு இரண்டு டின் வந்தது.

அதிலிருந்து அந்தக் குடும்பத்தில், எதையும் முகர்ந்து பார்க்காமல் திறக்கக்கூடாது என்று ஆயிற்று. பிறகு மகன் டீமேக்கர் ஆனார். வீட்டு வழக்கம் சட்டமானது.

சட்டம் இதுதான். காலைப் பூசை முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் குடிலுக்கு முன்னால் கூட வேண்டும். பொட்டலங்கள் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே வைக்கும் ஈயத்தாளில் சுற்றப்பட்டிருக்கும். ஸ்டோரில் வெட்டி மிஞ்சியதை மாமா வருடம் முழுவதும் சேர்த்து வைப்பார். பொட்டலம் கிடைத்தவர் கண்ணை மூடி, முகர்ந்து, உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பிரிக்கலாம். தப்பாகச் சொன்னால் பொட்டலம் அத்தையின் அலுமாரிக்குப் போய்விடும். ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் வரைக்கும் வெளியே வராது. சந்தேகம் வந்தால் மாமா முகர்ந்து தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல் கோர்ட்டு இல்லை.

ஆனால் யாரும் தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் வருடாவருடம் அதே ஆளுக்கு அதே பரிசுதான். மாமாவுக்குச் சுருட்டு. அத்தைக்குச் சந்தன சோப்பு. என் மனைவி ரோஸிக்கு வாசனை எண்ணெய். எனக்கு பிஸ்கட். பரிசு வாங்கும் பொறுப்பு அத்தையுடையது. "ஒங்கம்மாவுக்குக் கற்பனையே கிடையாதா?" என்று ரோஸியைச் சீண்டுவேன். அத்தை காதில் விழும்படிதான் சீண்டுவேன். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார்.

காய்ச்சல் கொண்டுபோனது

உலக யுத்த காலம்; கடைகளில் சாமானுக்குத் தட்டுப்பாடு. அந்த வருடம் நத்தாருக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து குடித்துக் குடித்துக் காது இரைந்தது. காய்ச்சல் போகும்போது என் உடம்பிலிருந்த தெம்பையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போனது. படி ஏறினால் களைப்பு. படி இறங்கினால் களைப்பு. படியைப் பார்த்தாலே களைப்பு.

மூக்கையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டது என்பதை ரோஸிதான் கண்டுபிடித்தாள். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியைச் சாரத்தின் மேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஜபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னாங்க! வீடே பொகையுது, ஒங்களுக்குத் தெரியலையா?"

"பக்தியில இருந்தேன்."

"பக்தியா? இத மோந்து பாருங்க." எரிந்த துணியை என் மூக்கில் திணித்தாள். ஒன்றும் இல்லை. வெள்ளைத் தாளை முகர்ந்த மாதிரி இருந்தது.

சாதாரண மனிதனுக்கு மூக்குப் போனால் பரவாயில்லை. மாத்தளையில் சில தெருக்களில் அது லாபம்கூட. டீமேக்கருக்குப் போகக்கூடாது. உருட்டிய கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைத்தால், பச்சை வாசம் மெல்ல மாறிப் பழ வாசமாக வரும். அந்தக் கட்டத்தைப் பிடித்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் கசப்பு. பிந்தினால் சப்பு.

மாமா அதைச் செய்வதே ஒரு பூசை மாதிரி இருக்கும். குனிந்து ஒரு பிடி கொழுந்தை எடுப்பார். கண்ணை மூடுவார். ஸ்டோரில் ஒருவரும் இருமமாட்டார்கள். பிறகு "ம்" என்பார். அந்த ஒரு 'ம்'முக்குப் பிறகுதான் கொழுந்து அடுப்புக்குப் போகும்.

அந்த நத்தாரோடு மாமா வேலையை விடுகிறார். அடுத்த டீமேக்கர் யார் என்று அவரையே சொல்லச் சொல்லியிருந்தார் பெரிய துரை. என் பேரைச் சொன்னால் வேலை எனக்கு. வேலையோடு சேர்ந்தது வீடு. வேறொருவர் வந்தால் மாமாவும் அத்தையும் பெட்டியைக் கட்ட வேண்டும். ரோஸி வயிற்றில் அப்போது எங்கள் முதல் பிள்ளை. எங்களுக்கு இருந்ததோ ஸ்டோருக்குப் பின்னால் ஒழுகும் ஓர் அறை.

"மாப்ள பேரைச் சொல்லிருங்களேன்" என்று அத்தை ஒருநாள் ஆரம்பித்தார்.

"நத்தார் முடியட்டும்" என்றார் மாமா. "மருமகன்னு பாத்துச் சொல்லமாட்டேன். மூக்கப் பாத்துத்தான் சொல்லுவேன். மூக்கு இல்லாதவன் கையில ஸ்டோரக் குடுக்கிறது, குருடன் கையில லொறியக் குடுக்கிற மாதிரி."

நான் தலையாட்டினேன். அதற்குத்தானே சம்பளம்.

ரோஸி மட்டும் திட்டம் போட்டாள். "இந்த வருசம் கடையில பிஸ்கட் இல்ல. ஒங்களுக்குக் கராம்பு கட்டியிருக்கேன். சின்னப் பொட்டலம். குலுக்குனா சலசலன்னு சத்தம் வரும். கராம்புன்னு சொல்லிட்டு ஒக்காந்துருங்க. வெளாட்டு ஒண்ணும் காட்டாதீங்க."

சூசை கொண்டுவந்தது

ரோஸியின் தம்பி சூசை மாத்தளைக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையில் இருந்தான். நத்தாரன்று காலை முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். வழக்கம்போல இல்லாமல், ஏதோ ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரம் ஈயத்தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது.

பிறகு நாங்கள் குடிலுக்கு முன்னால் கூடினோம். அத்தை, எங்கிருந்தோ தேடிப் பிடித்த பாதி சோப்பை முகர்ந்து "சோப்பு" என்றார். ரோஸி "எண்ணெய்" என்றாள். மாமா பொட்டலத்தை மூக்குக்குக் கொண்டுபோகும்போதே "சுருட்டு" என்றார். நான் குலுக்கினேன், முகர்ந்தேன், யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தேன், "கராம்பு" என்றேன். பிரித்தேன். கராம்புதான். ரோஸி மூச்சு விட்டாள். எனக்கு ஒரே ஆசை, போய்ப் படுக்க வேண்டும்.

"இருங்க மச்சான், எங்க ஓடுறீங்க? நான் தனியா ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்று சூசை அந்தப் பொட்டலத்தை என் கையில் வைத்தான்.

இங்கேதான் நான் உங்களை உட்காரச் சொன்னது.

குலுக்கினேன். சத்தம் இல்லை. அமுக்கினேன். அமுங்கவில்லை. மரம் மாதிரி கட்டி. நடுவில் பருத்து இரண்டு பக்கமும் கூர்மை. தோணி மாதிரி. பூனை காலை விடாமல் உரசியது. இந்த வீட்டில் என் மேல் பாசமாக ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மரம் மாதிரி இருக்கிறது, முகர்ந்து சொல்ல வேண்டிய சாமான். சந்தன சோப்புக்குத் தட்டுப்பாடு. பையன் பலசரக்குக் கடையில் இருக்கிறான். எல்லாவற்றையும் கூட்டினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துச் சொன்னேன்:

"ஆகா! சந்தனக்கட்டை!"

 சூசை தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

"அம்மா, இந்த மனுசனப் பாருங்கம்மா! செத்தாலும் பொட்டிக்குள்ள இருந்து வெளாட்டுக் காட்டுவாரு!"

ரோஸியும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பாதி பயம். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் வாழ்நாளெல்லாம் கோமாளித்தனம் பண்ணியதற்கு அன்றைக்குப் பலன் கிடைத்தது. நான் வேண்டுமென்றே சொன்னதாக நினைக்கிறார்கள்! நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிக்காதவர் மாமா மட்டும்தான். அவர் கையை நீட்டினார்.

"வேணாங்க, அவரு சும்மா வெளாடுறாரு. இங்க குடுங்க, நான் வச்சிர்றேன்" என்று அத்தை அவசரமாக எழுந்தார். அத்தை அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா வாங்கிவிட்டார். ஸ்டோரில் குனிவதுபோலக் குனிந்தார். கண்ணை மூடினார். நிதானமாக முகர்ந்தார்.

"சந்தனந்தான்" என்றார். "நல்ல மைசூர் ரகம்."

சூசையின் சிரிப்பு அறுந்தது. மாமா வாழ்க்கையில் விளையாட்டுப் பேச்சுப் பேசியதில்லை. ரோஸி என்னைப் பார்த்தாள். சூசை அவன் அப்பாவைப் பார்த்தான். அத்தை தரையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று தெரியாத இரண்டு பேர் அந்த அறையில் மாமாவும் நானும்தான்.

வழக்கத்தை மீறிப் பிரித்தது பூனை. ஒரே தாவலில் மாமாவின் மடியில் ஏறி ஈயத்தாளைப் பல்லால் கிழித்தது. உள்ளேயிருந்து, கறுத்து, காய்ந்து, ஒரு முழு மாசிக்கருவாடு எட்டிப் பார்த்தது.

மாமா அதை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கு மறுபடி கொண்டுபோனார். இறக்கினார்.

"மாசியா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"வாசம் அடிக்குதா?"

"பஸ்ஸுல இருந்து எறங்கையிலயே அடிச்சதுங்க."

பாவம், சூசைக்கு அழுகை வந்துவிட்டது. "சோப்பு ஒண்ணும் கெடைக்கலப்பா. இந்தக் காலத்துல மாசி கெடைக்கிறதே பெரிசுன்னு..."

"நல்லதுதான் கொண்டாந்திருக்கே" என்று அத்தை அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சம்பலுக்கு இடிக்கும் சத்தம் வந்தது. 

சாப்பாட்டில் மாமாவும் நானும் சம்பலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினோம். இரண்டு பேருக்கும் உறைப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

ஆளில்லாத ஸ்டோர்

சாப்பிட்டதும், "மாப்ள, ஒரு நட நடந்துட்டு வருவமா?" என்றார் மாமா. என் கால்கள் வேண்டாம் என்றன. போனேன்.

நத்தாருக்கு ஸ்டோர் மூடியிருந்தது. மாமா கதவைத் திறந்தார். யந்திரங்கள் பேசாமல் நின்றன. கூரைத் தகட்டின் துளையால் வெயில் காசு காசாக விழுந்திருந்தது. இரண்டு பேரும் இரண்டு தேயிலைப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம்.

"எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"காய்ச்சல்ல இருந்து மாமா." அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். "ஒங்களுக்கு?"

"ரோஸி பாவாடை கட்டி இஸ்கூலுக்குப் போன காலத்துல இருந்து."

விரல் விட்டு வருடங்களை எண்ணினேன். ஒரு கை போதவில்லை.

"ஒங்க அத்தைக்கு மட்டுந்தான் தெரியும். நான் சொல்லல. அவளே கண்டுபிடிச்சா. ஒரு நத்தாருக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். அடுத்த வருசத்துல இருந்து எனக்குச் சுருட்டு. எப்பவும் சுருட்டு. எனக்கு மட்டும் அப்பிடின்னா வெளிய தெரிஞ்சிரும்னு, எல்லாருக்கும் எப்பவும் ஒரே சாமான்."

கற்பனை இல்லாத மனுஷி என்று நான் சீண்டிய அத்தை. அந்தப் பெட்டியின் மேல் நான் இன்னும் கொஞ்சம் சின்னதாகிப் போனேன்.

"அப்ப தேயிலை, மாமா? கொழும்புல இருந்து ஒரு கொறை வந்ததில்லையே?"

"கண்ணு இருக்கு. கை இருக்கு. கொழுந்து செம்புக்காசு நெறத்துக்கு வரும். பொறங்கைய வச்சா அதோட சூடு சொல்லும். மூக்கு சும்மா, ஊருக்கு."

"பின்ன எதுக்கு இத்தன வருசமா குனிஞ்சு..."

"டீமேக்கர்னா மூக்குன்னு எல்லாரும் நெனைச்சுட்டாங்க. நானும் அப்பிடியே சொல்லிச் சொல்லி மாட்டிக்கிட்டேன். யாராச்சும் சந்தேகப்பட்டாங்களோன்னு இன்னும் கொஞ்சம் கூடக் குனிவேன்." இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "களைச்சுட்டேன் மாப்ள. ஸ்டோரு வேலை என்னைக் களைக்க வைக்கல. இந்த வேசந்தான்."

எனக்குச் சில வாரத்து வேசத்துக்கே முதுகு வலித்தது. அவருக்கு எத்தனை வருடம்!

 வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும், ரோஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. களைப்பில் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அவரே ஆரம்பித்தார். "மூக்கு இல்லாதவன் கையில ஸ்டோரக் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நீங்கதான் மாமா."

"எதை வச்சுக்கிட்டு சொன்னேன்?"

இரண்டு பேரும் சிரித்தோம். மாமா சிரித்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பழக்கமில்லாதவர் சைக்கிள் ஓட்டுவது மாதிரி இருந்தது.

"நாளைக்குத் தொரையப் பாக்கப் போறேன்" என்று எழுந்தார். "ஒங்க பேரத்தான் சொல்லப் போறேன். ஒரு சங்கதி. அந்த வேலையில ஒக்காந்தப்பறம் குனியாதீங்க. நெறத்தப் பாருங்க, கைய வைங்க. யாராச்சும் கேட்டா, இப்பிடித்தான் பாக்கிறதுன்னு சொல்லுங்க. என்னால முடியல. நீங்களாச்சும் நிமிந்து நில்லுங்க."

போனார். துரை மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். குடிப்பேனா என்று மட்டும்தான் கேட்டாராம். வேலை எனக்குக் கிடைத்தது. வீடு எங்களோடு நின்றது. பிள்ளை அந்த வீட்டில்தான் பிறந்தாள்.

அடுத்த நத்தார்

பாஸ்குவுக்குப் பிறகு ஒருநாள் என் மூக்கு திரும்பி வந்தது. பூ வாசத்தோடு வந்திருந்தால் எழுத அழகாக இருந்திருக்கும். வந்தது மண்ணெண்ணெய் நாற்றத்தோடு. இரண்டு நாள் கழித்து ஸ்டோரில் கொழுந்து வாசம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரோஸியிடம் சொன்னேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவர் வேலையை விட்ட பிறகும் காலையில் ஸ்டோருக்கு வருவார். இரண்டு பேரும் சேர்ந்து நிறத்தைப் பார்ப்போம், புறங்கையை வைப்போம். அவரும் குனிவதில்லை. இத்தனை காலம் தனியாக இருந்த மனிதருக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. அவரிடம் போய், 'எனக்கு வந்துவிட்டது' என்று எப்படிச் சொல்ல?

நத்தார் வந்தது. மாமாவே சூசையிடம் சொல்லி மாசி வரவழைத்திருந்தார். இப்போது அது குடும்பத்து வேடிக்கை. குடிலுக்கு முன்னால் பொட்டலத்தை என் கையில் வைத்தார்கள். பூனை வந்து காலடியில் உட்கார்ந்தது.

கண்ணை மூடி முகர்ந்தேன். ஐயோ! போன வருடம் இவர்கள் எல்லோரும் எப்படித்தான் அந்த அறையில் நின்றார்களோ!

"சந்தனம்" என்றேன், மூச்சை அடக்கிக்கொண்டு.

மாமாவிடம் நீட்டினேன். குனிந்தார். முகர்ந்தார். "மைசூர் ரகம்" என்றார். வீடு சிரித்தது. மாமா பொட்டலத்தை அத்தையிடம் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கி, மற்றவர்கள் உள்ளே போன பிறகு, என் பக்கம் சாய்ந்தார்.

"கண்ணு கலங்குது மாப்ள."

"பொகைங்க மாமா."

"அடுப்பு இன்னும் பத்த வைக்கல." என் முகத்தை, பரப்பி வைத்த கொழுந்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எப்ப வந்துச்சு?"

"பாஸ்குவுக்கு அப்பறம்."

 வெளியே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். அவர் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து மறுபடி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"எப்பிடி இருக்கு? சொல்லுங்க."

இப்போது நன்றாக முகர்ந்தேன்.

"மொதல்ல பொகை மாமா. வெறகுப் பொகை. அப்பறம் உப்பு. வெயில்ல காஞ்ச சாக்கு மாதிரி ஒண்ணு. அதுக்கும் அடியில, லேசா, இனிப்பா."

"இனிப்பா?"

"ஆமாங்க. லேசா."

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை வருடமும் கொழுந்தை அடுப்புக்கு அனுப்பிய அதே குரலில் சொன்னார்:

"ம்."